கூவத்தில் படகு விடத் திட்டம் போட்டோம்

தலைக்கு டை அடிப்பது எங்கள் வீட்டில் மாதம் ஒருமுறை நடக்கும் ரகசியச் சடங்கு. ரகசியம் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், தெருவுக்கே தெரியும். முந்தாநாள் சாயங்காலம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு, கழுத்தில் பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இந்த வயசுல உங்கள யாரு உத்துப் பாக்கப்போறாங்க?" என்று கேட்டுக்கொண்டே மனைவி கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் ஏழுமலையின் கடைசி மகளுக்குக் கல்யாண வரவேற்பு. பழைய ஆபீஸ்காரர்கள் வருவார்கள். அவர்கள் எல்லாரும் கருகருவென்று வந்து நிற்கும்போது நான் மட்டும் பஞ்சுத் தலையோடு போக முடியுமா, சொல்லுங்கள்.

அம்மோனியா இல்லாத டை என்று ஒன்று இப்போது விற்கிறார்கள். என் மகள் அதைத்தான் வாங்கச் சொல்கிறாள். எனக்கு அது ஒத்துவராது. மருந்தைக் கிண்ணத்தில் பிழிந்ததும் அந்த வாடை மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்து, தொண்டை கரகரக்க வேண்டும். அப்போதுதான் எனக்கு இருபத்து நாலு வயதாகும். ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் டிராயிங் ஆபீஸில், பிரிண்ட் ரூம் கதவருகே, டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருப்பேன்.

பிரிண்ட் ரூம் என்றால் உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் படம் எல்லாம் கையால் வரைவதுதான். மெல்லிய டிரேசிங் காகிதத்தில் வரைந்து கொடுத்தால், அதை மருந்து பூசிய தாளின்மேல் வைத்து வெளிச்சம் காட்டி, அம்மோனியா ஆவியில் விட்டு எடுப்பார்கள். ஊதாக் கோடுகளோடு நகல் வரும். அந்த அறையில் பத்து நிமிடம் நின்றால் மாமியார் செத்ததுபோல அழுகை வரும். அதனால் மேலதிகாரிகள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அதனாலேயே எங்கள் மதியச் சாப்பாட்டு அரட்டை அங்கே நடந்தது.

மெஷினை ஓட்டியவன் ஏழுமலை. என் வயதுதான். திருமழிசைக்கு வடக்கே ஆற்றங்கரையில் அவன் கிராமம். அப்பா, தாத்தா எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அவன் குடும்பத்தில் சம்பளக் கவரைக் கையில் வாங்கிய முதல் ஆள் அவன்தான். மற்ற மூன்று பேர் நாங்கள். நான் வரைபவன், வேலூர்ப் பக்கம். முத்து நான் வரைந்ததைச் சரிபார்ப்பவன், திருநெல்வேலி. எங்கள் இருவருக்கும் மேலே கலியமூர்த்தி சார், தஞ்சாவூர்க்காரர், கடைசிக் கையெழுத்து அவருடையது. மூவரும் குவார்ட்டர்ஸ்வாசிகள். அங்கே காலையில் அரை மணி நேரம் குழாயில் தண்ணீர் வரும். அந்த அரை மணி நேரத்தில் ஒரு குடும்பத்தின் மொத்த குணமும் வெளியே வந்துவிடும்.

தண்ணீர் இல்லாத ஊரில் தண்ணீரைப் பற்றித்தானே பேச்சு ஓடும். தினமும் முத்து தாமிரபரணியைத் திறந்துவிடுவான். "எங்கூர்த் தண்ணிய ஒரு மடக்கு குடிச்சுப் பாரும்வே, அப்புறம் நீரு இந்த ஊர்ல இருக்க மாட்டீரு" என்பான். இருந்துகொண்டுதான் இருந்தான். கலியமூர்த்தி சார் காவிரியைப் பற்றிப் பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். என் பங்குக்குப் பாலாறு. அதில் ஓடுகிற ஒரே விஷயம் மாட்டு வண்டி. ஆகவே நான் பேசாமல் தயிர்சாதம் சாப்பிடுவேன்.

ஒரு நாள் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்த ஏழுமலை, "எங்கூர்லயும் ஆறு கீது சார்" என்றான்.

"என்ன ஆறுடே?" என்றான் முத்து.

"கூவம்."

முத்து சிரித்த சிரிப்பில் மோர் மூக்கு வழியாக வந்தது. கலியமூர்த்தி சார் மூடின கண்ணைத் திறந்து சிரித்தார். பாலாற்றுக்காரனான எனக்கு, என்னைவிடக் கீழே ஒருவன் கிடைத்த சந்தோஷம். நான்தான் அதிக நேரம் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஏழுமலை சிரிக்கவில்லை. துணியை மடித்து வைத்தான். "நீங்க மெட்ராஸ்ல பாத்தது வாலு சார். தல எங்கூராண்ட கீது. ஒரு நாள் படகு கட்டி உங்க மூணு பேரையும் இட்டுகினு போறேன். குட்ச்சிப் பாத்துட்டு அப்பால சிரிங்க" என்றான்.

மறுநாள் ஒரு பிளாஸ்டிக் கேனில் தண்ணீர் கொண்டுவந்தான். வெயில் நேரம். முத்து ஒரு தம்ளர் முழுசாகக் குடித்துவிட்டு, "நல்ல தண்ணியா இருக்கே, எந்தக் கிணறு?" என்று கேட்டான். "கூவம் சார். மணல்ல ஊத்து தோண்டி எட்த்தது" என்றான் ஏழுமலை. முத்து கழுவுகிற தொட்டிக்கு ஓடினான், வாய் கொப்பளிக்க. குழாயில் காற்றுதான் வந்தது. வேறு வழியில்லாமல் திரும்பி வந்து, அதே கேனிலிருந்து ஒரு தம்ளர் வாங்கிக் கொப்பளித்தான். பிறகு கொப்பளிக்கிற சாக்கில் இன்னொரு தம்ளர் உள்ளே போனதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

அந்த வருஷம் ஐப்பசி மழை முடிந்ததும் நானும் முத்துவும் சைக்கிளில் அவன் ஊருக்குப் போனோம். அதுவரை நான் அப்படி ஒரு கூவத்தைக் கற்பனைகூடச் செய்ததில்லை. இரு கரையும் நாணல். தண்ணீர் நெஞ்சளவுக்குத் தேநீர் நிறத்தில் அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினேன். பகல் முழுக்க வெயில் குடித்த தண்ணீர், காலுக்கு வெதுவெதுவென்று இருந்தது. ஏழுமலை கரையில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னா மாமே?" என்றான். அதுவரை சார் என்றுதான் கூப்பிடுவான். "உங்க ஊர் ஆறு அருமையா இருக்குடா" என்றேன். அவன் முகத்தில் வந்த சந்தோஷம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

திட்டம் அங்கேயே பிறந்தது. அவன் ஊரில் படகேறி, ஆவடி கரையான்சாவடி சாலையில் இருக்கிற பாலத்தில் இறங்குவது. நடுவில் ஒரு ராத்திரி ஆற்று மணலில் கூடாரம், சமையல், படுக்கை. கரையோரமாக நடந்தால் அரை நாள் ஆகும் தூரம். நாங்கள் இரண்டு நாள் ஒதுக்கினோம்.

"எங்க மாமன் கைல சொன்னா பனமரத்தக் கொடஞ்சி ரெண்டு தோணி குடுக்கும். சேத்துக் கட்னா ரெடி. ரெண்டே நாளு வேல" என்றான் ஏழுமலை.

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். "பனமரமா? நாம டிராயிங் ஆபீஸ்டா!"

எங்கள் தொழிற்சாலையில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் ஆணிக்குப் படம் வேண்டும். படத்தின் மூலையில் மூன்று கட்டங்கள் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், அங்கீகரித்தவர். மூன்றும் நிரம்பாமல் ஆணி நகராது. அப்படியே பழகிவிட்ட கை, அன்று ராத்திரியே ஒரு பெரிய தாளை விரித்துவிட்டது. தகரப் படகு, முன் தோற்றம், மேல் தோற்றம், பக்கத் தோற்றம். துடுப்புக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் பிசகு கூடாது என்று குறிப்பு. ஆறு எத்தனை மில்லிமீட்டர் பிசகும் என்று யோசிக்கவில்லை.

அதோடு விட்டேனா? சமையலுக்கு வேலைமுறைத் தாள் ஒன்று எழுதினேன். எங்கள் வழக்கப்படி வேலைகளுக்குப் பத்து, இருபது, முப்பது என்று எண் கொடுக்க வேண்டும், நடுவில் எதையாவது செருக வசதியாக. வேலை பத்து: அடுப்பு மூட்டுதல். வேலை இருபது: ரவை வறுத்தல். வேலை முப்பது: வறுத்த ரவையை ஆய்வு செய்தல். ஆய்வாளர், முத்து. உப்பு சரியில்லை என்றால் உப்புமாவை நிராகரிக்க அவனுக்கு அதிகாரம் இருந்தது. நிராகரித்த உப்புமாவை என்ன செய்வது என்று கலியமூர்த்தி சார் சிவப்புப் பென்சிலால் கேள்வி எழுதித் தாளைத் திருப்பி அனுப்பினார்.

முதல் தடவை வந்த எதிலும் கையெழுத்துப் போடாதவர் அவர். அவருடைய கல்யாணப் பத்திரிகையையே ஒருமுறை திருப்பி அனுப்பியிருப்பார் என்று முத்து சொல்வான். நங்கூரத்துக்குத் தனிப் படம் எங்கே? படகின் முன்பக்கம் எது என்று அம்புக்குறி இல்லையே? கொசுவலையின் கொக்கிக்கு அளவு? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு திருத்தம். முதல் திருத்தத்துக்கு ஏ, அடுத்ததற்கு பி. ஒவ்வொன்றையும் ஏழுமலைதான் அம்மோனியாவில் விட்டு நகல் எடுத்துக் கொடுப்பான். ஒரு வாரம் போய்விடும். முத்து பொருள் பட்டியலில் குடிதண்ணீர் கேன் இரண்டு சேர்த்தான். ஆற்றில்தானே போகிறோம் என்றதற்கு, "கூவத்துல போனா தாகம் எடுக்காதாவே?" என்றான்.

கூடாரத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸ் வாசலில் கட்டி ஒத்திகை பார்த்தோம். அது ஆவடி பஜாரில் வாங்கிய ஏலத் தார்ப்பாய். எங்கள் பிளாக்கில் வாசலில் துணி கட்டினால் ஒன்று கல்யாணம், இல்லை என்றால் சாவு. கல்யாணத்துக்கு யாரும் பத்திரிகை கொடுக்கவில்லை. கால் மணி நேரத்தில் எதிர் பிளாக் அம்மாள் ஒருவர் பெரிய கூஜாவில் காப்பியோடு, "ராத்திரிகூட நல்லாத்தானே பேசிக்கிட்டு இருந்தாரு" என்று அழுதபடி வந்துவிட்டார். கூடாரத்துக்குள் வேடிக்கை பார்க்கப் போயிருந்த என் அப்பா பல்குச்சியோடு வெளியே வந்ததும், அந்த அம்மாளுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. காப்பி மட்டும் நன்றாக இருந்தது.

இதற்கிடையில் ஏழுமலை ஒவ்வொரு திங்கட்கிழமையும் கதவருகே வந்து நிற்பான். கையை நெஞ்சுக்கு நேராக வைத்துக் காட்டுவான். ஆற்றில் இவ்வளவு தண்ணீர் என்று அர்த்தம். அடுத்த திங்கள் கை இடுப்புக்கு வந்தது. அதற்கடுத்த திங்கள் தொடைக்கு. "மாமே, இப்ப போவலாம் மாமே, அப்பால இருக்காது" என்பான். "சார் கையெழுத்து வரட்டும்டா" என்பேன். கலியமூர்த்தி சார் திருத்தம் எஃப்-இல் கையெழுத்துப் போட்ட அன்று பொங்கல் போனஸ் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நான் படத்தை ஆட்டிக்கொண்டு பிரிண்ட் ரூமுக்கு ஓடினேன். ஏழுமலை குனிந்து கணுக்காலைத் தொட்டுக் காட்டினான். "நட்ந்தே போய்டலாம் மாமே, மணல் சூடா கீது" என்றான்.

அன்றைக்குத்தான் அவன் அந்தக் கட்டங்களைக் காட்டிக் கேட்டான். "வரஞ்சது நீ, செக் பண்ணது முத்து சாரு, அப்ரூவல் பெரிய சாரு. எம் பேரு எங்க மாமே?"

"நீ ஆத்துல ஆள்டா, பேப்பர்ல எதுக்கு?" என்று ஒரு சாமர்த்தியமான பதில் சொன்னேன். உண்மையில் அவன் பேப்பரில் இருந்தான். படத்தின் ஓரத்தில் இருந்த பொருள் பட்டியலில் கயிறு பதினாறு, ஸ்டவ் பதினெட்டு. நடுவில் பதினேழாவதாக, 'கைடு, எண்ணிக்கை ஒன்று' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். எழுதியபோது எனக்கு அது தமாஷாக இருந்தது.

அடுத்த வருஷம் மழை ஏமாற்றியது. அதற்கடுத்த வருஷம் கொட்டித் தீர்த்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஏழுமலை என் மேஜைக்கே வந்தான். "தோணி ரெடி மாமே. நானும் மாமனும் கொடஞ்சி கட்டிட்டோம். தண்ணி கய்த்தாண்ட கீது. ஞாயித்துக்கெயம காலீல வந்துடுங்க மூணு பேரும். அம்மா வெறா மீன் கொயம்பு வெக்கிது."

கலியமூர்த்தி சாரிடம் சொன்னேன். "படத்துல தகரம்னுல்ல இருக்கு? பனமரம்னா விலகல் அனுமதி போடணும்ப்பா" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முத்துவுக்கு ஜலதோஷம். மிச்சம் நான்.

இதைச் சொல்லாமல் தப்பிக்கலாம், நீங்கள் கேட்கவா போகிறீர்கள்? ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சமயம் வேலூரிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. சனிக்கிழமை என் அம்மா, "மாப்பிள்ளை லீவு நாள்ல கூவத்துல படகு விடறாருன்னு தெரிஞ்சா எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்றாள். அவளோடு சேர்ந்து நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு அது உள்ளே உட்கார்ந்துகொண்டது. அந்தத் தண்ணீரில் கால் வைத்தவன் நான், அருமை என்று சொன்னவன் நான். அப்படி இருந்தும் பக்கத்து வீட்டுப் பையனைச் சைக்கிளில் அனுப்பி, எனக்குக் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன். ஞாயிறு முழுக்க வீட்டில் டிவி பார்த்தேன். என்ன ஓடியது என்று ஒரு காட்சிகூட நினைவில்லை.

திங்கட்கிழமை ஏழுமலை வந்தான். முகம் வெயிலில் கருகியிருந்தது. இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். மதியம் வரைக்கும் கரையில் காத்திருந்துவிட்டு, தனியாகவே தோணியைத் தள்ளிக்கொண்டு பாலம் வரைக்கும் போயிருக்கிறான். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து என் மேஜையில் வைத்தான். "ஜொரம்னு சொன்னாங்கோ. அம்மா மொளவு ரசம் குட்த்துச்சி சார்" என்றான்.

சார். இரண்டு வருஷம் கழித்து அந்த வார்த்தை திரும்பி வந்தது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை, கேள்வி கேட்கவில்லை, மெஷினைத் துடைக்கப் போய்விட்டான். காய்ச்சல் இல்லாத உடம்போடு நான் அந்த ரசத்தைக் குடித்தேன். அவ்வளவு நன்றாக இருந்தது, எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேலூர் சம்பந்தமும் வேறு காரணத்தால் தட்டிப்போனது. நல்லதாகப் போயிற்று.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பிரிண்ட் ரூமில் ஏசி போட்டு, வாடை போக ஒரு மாதம் ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். ஏழுமலையை ஸ்டோருக்கு மாற்றினார்கள். கலியமூர்த்தி சார் ஓய்வு பெற்றுக் காவிரிக்கரைக்கே போய்ச் சேர்ந்தார். அந்தத் தோணிகள் கொஞ்ச நாள் ஏழுமலை வீட்டு மாட்டுக்குத் தொட்டியாக இருந்ததாகக் கேள்வி. அப்புறம் மாடும் இல்லை. ஆற்றில் மணல் லாரி இறங்கியது, நாணல் இருந்த இடத்தில் மனைக்கல் நட்டார்கள்.

நேற்று வரவேற்புக்குப் போனேன். மண்டபம் எது என்கிறீர்கள்? அதே பாலத்தை ஒட்டி, ஆற்றைப் பார்த்த மாதிரி கட்டியிருக்கிறார்கள். என் பையில், பரணிலிருந்து தேடி எடுத்த திருத்தம் எஃப் இருந்தது. ஊதாக் கோடெல்லாம் வெளுத்துப் பழுப்பேறியிருந்தது. ஏழுமலை பட்டு வேட்டியில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். அவனும் டை அடித்திருந்தான். முத்து தென்காசியிலிருந்து போனில் வாழ்த்துச் சொன்னானாம். படத்தை விரித்துக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மூலைக்குப் போகாமல் நேராகப் பட்டியலுக்குப் போனான்.

"பதினேழு நானு. கயித்துக்கும் ஸ்டவ்வுக்கும் நடுவால" என்று சொல்லிச் சிரித்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"ஆறு வாட்டி பிரிண்ட் போட்டவன் நாந்தான சார்?"

"மன்னிச்சுக்கடா" என்றேன். முப்பத்தைந்து வருஷம் தாமதமாக. "அட இன்னா சார் நீங்க, வாங்க, பந்தி போட்டாச்சு" என்று இழுத்துக்கொண்டு போனான்.

பந்தியில் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தான். இலையில் உப்பு வைத்து, இனிப்பு வைத்து, பொரியல் வரும்போது காற்று திரும்பியது. எந்த வாடை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எதிர் வரிசையில் ஒரு பெண் முந்தானையால் மூக்கை மூடினாள். ஏழுமலை எழுந்து என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ஜன்னலைச் சாத்தினான். கொக்கி சரியாக விழவில்லை, இரண்டு முறை தட்டினான்.

"வாலு தல வரிக்கும் வந்துட்ச்சி சார்" என்றான் மெதுவாக.

பரிமாறுகிற பையன் ஒவ்வொரு இலைக்கும் பக்கத்தில் சீல் வைத்த சின்னத் தண்ணீர் பாட்டில் ஒன்று வைத்துக்கொண்டே போனான். ஏழுமலை என்னுடையதை எடுத்து மூடியைத் திருகித் திறந்து, என் கையில் கொடுத்தான்.

"குட்ச்சிப் பாருங்க சார்."

குடித்தேன். ஒரு ருசியும் இல்லை.